பக்கத்து சீட்டு நில்தா

சுரைக்குடுக்கையில் தேநீர்போல உறிஞ்சும் மாத்தே இலையைப் போட்டு, பிளாஸ்கிலிருந்து வெந்நீரை விளிம்பு வரைக்கும் ஊற்றிக்கொண்டு, நில்தா பழுதுபார்க்க வந்த வண்டியின் ஸ்டீயரிங் இல்லாத வலப்பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிடுவாள். "ம்ம், எடுங்க" என்பாள். ஓட்ட வேண்டியது வண்டிக்காரர் பாடு. பட்டறையிலிருந்து சதுக்கம் வரை போய்த் திரும்புவதற்குள் நான்கு கழுதை முதுகுகள் வரும். வேகத்தடைக்கு அல்தா கிராசியா ஊரில் அதுதான் பெயர். குழிகளுக்குக் கணக்கே கிடையாது. இறங்கியதும் குடுக்கையில் எவ்வளவு மிச்சம், மடியில் எவ்வளவு ஈரம் என்று பார்ப்பாள். அதன் பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுப்பாள். கம்ப்யூட்டர் வைத்த சோதனை இயந்திரம் ஒன்றும் பட்டறையில் இருக்கிறது. அதன்மேல் அவளுடைய துண்டு காயும்.

அறுபத்திரண்டு வயது. குள்ளம். ஆனால் இடுப்பால் ஒரு இடி இடித்தால் எந்த வண்டியும் ஆடும். அந்த ஆட்டத்தை வாய்க்குள் எண்ணுவாள். ஒன்றோடு நின்றால் சரி என்று தலையை ஆட்டுவாள். மூன்றாவதும் ஆடினால் உதட்டைப் பிதுக்குவாள். பழைய கார்களின் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், இணைப்புகளில் செருகும் புஷ் வளையம், இவற்றைத் தவிர வேறெதையும் தொடமாட்டாள். இன்ஜினில் ஏதோ சத்தம் என்று யாராவது சொன்னால், "அது எனக்குக் காது கேக்காத இடம்" என்று பக்கத்துத் தெருவைக் காட்டுவாள்.

இந்தத் தொழிலுக்கு அவள் வந்த வழி கொஞ்சம் கோணல். பதினோரு வருஷம் ஆம்புலன்சில் பின்பக்கம் நோயாளியோடு உட்கார்ந்து போன நர்ஸ் அவள். இடுப்பெலும்பு முறிந்தவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு குழிக்கும் அவர்களோடு சேர்ந்து பல்லைக் கடித்தவள். "முன்னால ஓட்டுறவனுக்குக் குழிதான் தெரியும். பின்னால படுத்திருக்கிறவனுக்குத்தான் வலி தெரியும்" என்று ஓட்டுநரோடு தினம் சண்டை. ஒருநாள் அவர் சலித்துப்போய், "அப்ப நீயே ஸ்பிரிங்க மாத்திக்கோ தாயே" என்றார். அடுத்த சனி, ஞாயிறில் மாற்றிவிட்டாள். அதற்குப் பிறகு கட்டுத்துணிப் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

அவளிடம் ஒரு மூடநம்பிக்கையும் உண்டு. வேலை முடிந்த வண்டி வாசலைத் தாண்டுவதற்குள் முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். "போற வண்டியப் பாத்துக்கிட்டு நின்னா, அது குறையோட திரும்பி வரும்" என்பாள். இருபது வருஷத்தில் ஒரு வண்டியின் பின்பக்கத்தையும் அவள் பார்த்ததில்லை என்று ஊரில் சொல்வார்கள்.

போன வசந்தத்தில் எவாரிஸ்தோ வந்தார். எழுபத்து நான்கு வயது, ரொட்டிக் கடையை விற்றுவிட்டு ஓய்வில் இருப்பவர். அவருடைய தொரினோ கார், எழுபத்தொன்றாம் வருஷத்து இரண்டு கதவு வெள்ளைக் கூப்பே, மாவு சலித்த மாதிரி மாசில்லாமல் இருந்தது. பழைய கார் கிளப்பின் சகாக்கள் சொன்னார்கள் என்று மூன்று வருஷம் முன்பு வண்டியை மூன்று விரல் தாழ்த்தி, பந்தயக்காரர்களின் கெட்டி ஸ்பிரிங்கும் கெட்டி புஷ்ஷும் போட்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் கெட்டியாக்கிக் குடுங்க, தோன்யா நில்தா. திருப்பத்துல லேசா சாயுது."

"முதல்ல ஓட்டுங்க, தோன் எவாரிஸ்தோ." மரியாதைக்கு அங்கே ஆணைத் தோன் என்றும் பெண்ணைத் தோன்யா என்றும் அழைப்பார்கள்.

முதல் கழுதை முதுகுக்கு முன்னாலேயே பாதி மாத்தே அவள் மடியில். இரண்டாவதில் தொடை வெந்தது. எவாரிஸ்தோவுக்கோ முகமெல்லாம் பூரிப்பு.

"எப்படி! தண்டவாளத்துல போற மாதிரி இல்ல?"

"தண்டவாளத்துல இல்ல. நடுவுல கிடக்கிற கட்டைங்க மேல போற மாதிரி இருக்கு."

திரும்பி வந்ததும் மடியைத் துடைக்கத் துணி தேடி, நில்தா சீட்டுக்கு அடியில் கைவிட்டாள். பூப்போட்ட மெத்தைத் திண்டு ஒன்று வந்தது. இன்னொன்றும் வந்தது. அப்புறம் நாலாக மடித்த ஒரு துவாலை, அதில் பச்சைப் பச்சையாக மாத்தே கறை. மூன்றையும் பானட்டின்மேல் வரிசையாக வைத்தாள்.

"இதெல்லாம் யாரு வச்சது?"

"என் வீட்டுக்காரி தெல்ஃபினாதான். சீட்டு அழுக்காகக் கூடாதுன்னு இருக்கும்."

"இப்ப அவங்க கூட வர்றாங்களா?"

"ரெண்டு வருஷமா வர்றதில்ல. மலைக்காத்து ஒத்துக்கலையாம்."

"ஜன்னல மூடினா காத்து வராது, தோன். இந்தத் திண்டு சீட்டுக்கு இல்ல. இடுப்புக்கு."

எவாரிஸ்தோ ஒரு திண்டை எடுத்து, நடுவில் அழுந்திப்போயிருந்த பள்ளத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றார். ரெண்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள். மலையுச்சியில் நிறுத்தி, தனியாக மாத்தே குடித்துவிட்டு, தெல்ஃபினாவுக்கு இந்த வண்டி அலுத்துவிட்டது, ஒருவேளை தானும் அலுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்த நாட்கள். நில்தா அவர் முகத்தைப் பார்க்காதவள்போலப் பிளாஸ்கின் மூடியைத் திருகினாள்.

"பழையபடி மெத்துன்னு ஆக்கினா கிளப்புல சிரிப்பாங்க" என்றார் கடைசியில், பலவீனமாக.

"அவங்க பக்கத்து சீட்டுல யாரு உட்கார்றாங்க?"

யோசித்துப் பார்த்தார். "யாரும் இல்ல."

"அப்ப சிரிக்கட்டும். தனியா போறவன் வேற என்ன செய்வான்?"

நான்கு நாள் வேலை. கெட்டி ஸ்பிரிங்குகளைக் கழற்றி மூலையில் போட்டாள். வண்டி பிறந்தபோது இருந்த மென்மையில் புது ஸ்பிரிங், எழும்பினால் நிதானமாக இறங்கும் ஷாக் அப்சார்பர், ரப்பர் புஷ். மிச்சம் இருந்தது கடைசி முடுக்கு. வண்டி அந்தரத்தில் தொங்கும்போது புஷ்ஷின் போல்ட்டை முடுக்கினால், கீழே இறக்கிய பிறகு ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடக்கும். சக்கரம் தரையில் நிற்க, சீட்டில் ஆளின் எடை இருக்க, அப்போதுதான் முடுக்க வேண்டும்.

"பக்கத்து சீட்டுல ஒரு மாவு மூட்டைய வச்சிரலாமே?" என்றார் எவாரிஸ்தோ. மனைவியிடம் பேச அவருக்குப் பயம்.

"மூட்டைக்கு இடுப்பு இல்ல. அவங்களையே கூட்டிட்டு வாங்க. வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வரச் சொல்லுங்க."

சனிக்கிழமை மத்தியானம் தெல்ஃபினா வந்தார். நீளக்கை வைத்த வெள்ளைச் சட்டை. ஒரு கை இடுப்பில். பட்டறைத் தரையில் வெட்டிய வேலைக்குழிக்குமேல் நின்ற வண்டியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எனக்காக எதையும் மாத்தாதீங்கம்மா. இந்தக் கிழவன் ஆசை ஆசையா போட்டது. அதப் போயி வலிக்குதுன்னு எப்படிச் சொல்றது?"

"சொல்லியிருக்கலாம்ல, கிழவி" என்றார் எவாரிஸ்தோ.

"நீ கேக்கலையே, கிழவா."

நில்தா கதவைத் திறந்து பிடித்தாள். இருவரும் ஏறியதும் குழிக்குள் இறங்கினாள். கீழேயிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"தோன்யா தெல்ஃபினா, நல்லா சாஞ்சு உட்காருங்க. நுனியில உட்கார்ந்தா எடை பொய் சொல்லும்."

"பழக்கமாயிருச்சும்மா."

"தெரியும். மெதுவா சாயுங்க. அவசரமில்ல."

சீட்டு மெல்லக் கிறீச்சிட்டது. நில்தா அதற்காகவே காத்திருந்தவள்போல ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கினாள்.

இந்தமுறை அவள் கூடப் போகவில்லை. தன்னுடைய குடுக்கையை விளிம்பு வரை நிரப்பித் தெல்ஃபினாவின் கையில் கொடுத்தாள். பிளாஸ்கை மடியில் வைத்தாள். "சதுக்கம் வரைக்கும் போயிட்டு வாங்க. நீங்க பாட்டுக்கு அவருக்கு ஊத்தி ஊத்திக் குடுங்க" என்றாள்.

வண்டி வாசலைத் தாண்டியது. நில்தா உள்ளே போகவில்லை. தெருவுக்கே வந்து, கரிக்கையைத் துணியில் துடைக்கவும் மறந்து நின்றாள். முதல் கழுதை முதுகில் வெள்ளை மூக்கு எழும்பியது, இறங்கியது, அடங்கியது. ஒரே ஆட்டம். இரண்டாவதும் அப்படியே. பின்கண்ணாடி வழியாக, ஒரு கை குடுக்கையை ஓட்டுகிறவரிடம் நீட்டுவது தெரிந்தது. சதுக்கத்துக்குத் திரும்ப வேண்டிய முனையில் வண்டி திரும்பவில்லை. அவளுடைய பிளாஸ்கோடும் குடுக்கையோடும் நேராக மலைப்பாதையைப் பார்த்துப் போனது. அப்போது வலப்பக்கக் கண்ணாடி இறங்கியது. வெள்ளைச் சட்டைக் கை ஒன்று முழுதாக வெளியே நீண்டு, பின்னால் நிற்பவளுக்குத் தெரியும்படி, ஒரு பொட்டு மாத்தே கறையும் இல்லாத சட்டைக்கையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிக் காட்டியது.