வெள்ளை மூடி டப்பா

வெள்ளை மூடி போட்ட அந்தப் பிளாஸ்டிக் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்தபடி மதுரையில் ஒரு தெருவைக் கடந்ததை என் கைகள் இன்னும் மறக்கவில்லை. உள்ளே மருந்துத் தண்ணீரில், என் அக்காவின் கர்ப்பப்பையிலிருந்து எடுத்த கட்டி துண்டு துண்டாகக் கிடந்தது. சோதனைக்கூடத்துக்கு நோயாளியின் ஆள்தான் கொண்டுபோக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அத்தான் இறந்துவிட்டதால் அக்காவுக்கு ஆள் நான்தான். தோள் துண்டால் டப்பாவை மூடிக்கொண்டு, எதிரே வருகிறவர் முகம் பார்க்காமல் நடந்தேன்.

அதற்குச் சற்று முன்னால்தான் டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டு, தட்டில் அந்தத் துண்டுகளைக் காட்டினார். வயிற்றைக் கிழிக்காமல் சிறு துளை போட்டு, கட்டியை உள்ளேயே நறுக்கி எடுத்திருந்தார்கள். "ஒரு துணுக்கு உள்ள விழுந்திருந்தாலும் ஒட்டிக்கிட்டு வளரலாம். பெரும்பாலும் கெட்டதா இருக்காது. ஆனா வயித்துல கைக்கு ஏதாவது தட்டுப்பட்டா உடனே வரணும். அவங்ககிட்ட சொல்லிருங்க" என்றார். நான் தரையைப் பார்த்துத் தலையாட்டினேன். ஐந்தாம் வகுப்போடு ஆடு மேய்க்கப் போனவன் நான். அக்காவின் கர்ப்பப்பையைப் பற்றி அக்காவிடமே எப்படிப் பேசுவது? மயக்கம் தெளிந்ததும் அவள், "எல்லாத்தையும் எடுத்துட்டாகளாலே?" என்று கேட்டாள். "எடுத்துட்டாக" என்றேன். சோதனைத் தாளும் நல்லபடியாக வந்தது. இனிமேல் சொல்ல என்ன இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டிக்குத் திரும்பி, அக்கா பழையபடி பருத்தி எடுக்கப் போனாள். நாலு வருடம் கழித்து, அருப்புக்கோட்டையில் கல்லூரி இரண்டாம் வருடம் படித்த மகளுக்குத் திடீரென்று பந்தல்குடியில் மாப்பிள்ளை பார்த்தாள். "படிச்சு முடிக்கட்டுமேக்கா" என்றேன். "எனக்குப் பொறகு அவளுக்கு யாருலே? நீ நாலு பேரு முன்னாடி நின்னு பேசிருவியாக்கும்" என்றாள். பேசமாட்டேன் என்பது ஊருக்கே தெரியும். கல்யாணத்துக்கு முதல் நாள் அக்கா மகள் கல்லூரி நோட்டுகளை உரச்சாக்கில் கட்டி என்னிடம் கொடுத்தாள். "மாமா, கரையான் அரிக்காமப் பாத்துக்கங்க."

கல்யாணம் முடிந்த மாதம், பருத்திக் காட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்கா உட்கார்ந்துவிட்டாள். தொப்புளுக்குப் பக்கத்துத் தழும்பின் கீழ் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. "புத்துநோய்தான்லே. ஒரு வருசமாத் தெரியும்" என்றாள். சாவதற்குள் மகளைக் கரையேற்றிவிட வேண்டும் என்றுதான் அத்தனை அவசரமும்.

அதே டாக்டரம்மா அழுத்திப் பார்த்தார். "பழைய கட்டியோட துணுக்குதாம்மா, பயப்படாதீங்க. அன்னைக்கே இவர்கிட்ட சொல்லி விட்டேனே" என்றார். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அன்றைக்குப் போலவே தரையைப் பார்த்தேன்.

மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார்கள். மறுபடியும் ஒரு வெள்ளை மூடி டப்பா, இந்தத் தடவை அக்கா கையில். வாங்கக் கை நீட்டினேன். அக்கா தரவில்லை.

"இது நல்லதுன்னு வந்துட்டா, அவ படிப்புக்கு நான் என்னலே பதில் சொல்லுவேன்?"

நல்லது என்றுதான் வந்தது. நோட்டு மூட்டை இன்னும் என் வீட்டுப் பரணில் இருக்கிறது. அன்று அந்தத் தெருவில் அவள் டப்பாவை எதைக் கொண்டும் மூடாமல், எல்லோரும் பார்க்க ஏந்திக்கொண்டு மெல்ல முன்னால் நடந்தாள். என் துண்டு தோளிலேயே கிடந்தது.