மச்சான் சொன்னால் கேலி

நாஸ்தாசியா எஞ்சின் வைத்த பனிவண்டிப் பந்தயத்தில் ஓடப்போகிறாள் என்றதும் வடகோடிப் பனிநாட்டின் குஸ்கோக்விம் ஆற்றங்கரை ஆண்களுக்கெல்லாம் அவள் உடம்பைப் பற்றித் திடீர்க் கவலை வந்துவிட்டது. குளிர் தாங்குவாளா, இடுப்பு தாங்குமா என்று உருகினார்கள். அந்த இடுப்போடுதான் அவள் இத்தனை வருஷமும் கடமான் இறைச்சியையும் விறகையும் பனிவண்டியில் இழுத்துவந்து அவர்கள் வீட்டுக்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அது வேலை, இது வீரம் என்பது பந்தயக் கமிட்டித் தலைவர் வசிலியின் கட்சி.

பந்தயம் எழுநூறு மைல். ஜோடியாக ஓடவேண்டும், ஆளுக்கொரு வண்டி, இரண்டும் முடிவுக் கோட்டைத் தொடவேண்டும். வண்டி கெட்டால் ஜோடி இழுத்துவரலாம். இதுவரை எந்தப் பெண்ணும் ஓடியதில்லை. அவளோடு ஜோடி சேர மாமன் மகன் எவோன் ஒருவன்தான் வந்தான். மாமன் மகனும் அத்தை மகளும் கண்ட இடத்தில் கிண்டலடிக்க வேண்டும், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது அங்கே வழக்கம்.

"ஏ நாஸ்தா, வழியில சமைச்சுப் போட ஆள் வேணும். அதான் வர்றேன்."

"வா மச்சான். சிரிக்கிறதுக்கும் ஏதாவது வேணும்ல."

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். நாஸ்தா ஓடி முடித்தாள் என்று ஊர் தன் வாயால் சொல்லவேண்டும்.

பாதி வழிக்கு மேல் ஓரிடத்தில் பனிக்கு அடியில் தண்ணீர் நின்றது. அங்கே நிறுத்தாமல் விரட்டவேண்டும். பொம்பளை பின்னால் வருகிறாளா என்று பார்க்க எவோன் நிறுத்தினான். வண்டி தண்ணீரில் இறங்கி எஞ்சின் செத்தது. நாஸ்தா இறங்கி வண்டியை வெளியே இழுத்துப் போட்டாள், தன் பையிலிருந்த உலர்ந்த காலுறையை அவனுடைய நனைந்த காலில் மாட்டிவிட்டாள், கயிறு கட்டி மீதி தூரம் முழுக்க இழுத்தாள்.

கோட்டைத் தொட்டபோது ஊரே கூடியிருந்தது. வசிலி மைக்கில் முழங்கினார்: "பொம்பளை வழி தவறிடக் கூடாதுன்னு கயித்தால கட்டியே கூட்டிட்டு வந்துட்டான் பாருங்க, நம்ம எவோன்!"

எவோன் மைக்கைப் பிடுங்கினான். "யோவ், நான் எங்கய்யா கூட்டிட்டு வந்தேன்? என் வண்டி தண்ணில செத்துப்போச்சு. அவதான் என்னை இழுத்துட்டு வந்தா. இல்லேன்னா என் காலே போயிருக்கும்!"

"மாமன் மகன் ஆரம்பிச்சுட்டான்டா!" கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவன் அழாத குறையாகச் சத்தியம் செய்தான். இன்னும் சிரித்தார்கள்.

நாஸ்தா கயிற்றை அவிழ்க்கவில்லை. "ஏறி உட்காரு மச்சான்" என்றாள். வண்டியைக் கிளப்பி, கமிட்டிக்காரர்களின் மூக்குக்கு முன்னால், வீடு வீடாக மெதுவாக அவனை இழுத்துக்கொண்டு போனாள். போவது இரண்டு வண்டி, கேட்பது ஒரு வண்டிச் சத்தம். கடைசி வீடு வருவதற்குள் எல்லோருக்கும் அது உறைத்தது. சிரிப்பு நின்றது.

"இப்ப சொல்லுங்க வசிலி, மைக்குல சொல்லுங்க" என்றான் எவோன்.

மைக் ரிப்பேர் என்று சொல்லிவிட்டார் வசிலி.