உயிர்ப்புக் காட்சி இருண்டதற்கு நான் சொல்லாத காரணம்

இதை எழுத எட்டு வருடம் தயங்கினேன். பேனாவை எடுப்பேன், என்மேலேயே அருவருப்பு வரும், வைத்துவிடுவேன். எட்டாம் வகுப்போடு நின்றவன், எனக்கு எழுத வராது என்று சாக்கும் சொல்லிக்கொண்டேன்.

புதுக்கடையில் மேடை விளக்குகள் வாடகைக்கு விடும் கடையில் லைட் போர்டு இயக்குவது என் வேலை. எங்கள் கத்தோலிக்கப் பங்கில் தவக்காலத்தில் இயேசுவின் திருப்பாடுகள் நாடகம் போடுவார்கள். எட்டு வருடம் முன்பு இயேசுவாக நடித்தவர் கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளி. மீன்கூடத் தொடாமல் நோன்பிருந்தார். உயிர்ப்புக் காட்சிக்காக நானும் மூன்று மாலை உட்கார்ந்து வெளிச்சம், எங்கள் பேச்சில் வெட்டம், அமைத்தேன். நீலம் கரைந்து, கல்லறைக்குப் பின்னிருந்து வெள்ளை மெல்ல ஏறி அவர் முகத்தில் நிற்கும். ஒரு செபம் சொல்லிவிட்டுத்தான் அதைப் போர்டில் இருபத்துநான்காம் எண்ணில் பதித்தேன்.

நாடக இடைவேளையில், மேடைத் திரை வாங்கித் தந்த வளைகுடாக்காரர் ஒருவருக்குப் பொன்னாடை. பங்குப் பேரவைத் துணைத்தலைவர் என் காதோரம் குனிந்தார்.

"மக்கா, ஒத்திகையில கடைசியா ஒரு வெட்டம் போட்டியே, அத அவரு மேடையேறும்போ போடு."

"அது ஆண்டவருக்க வெட்டமாக்கும் அண்ணாச்சி."

"ஆண்டவரு கோவிச்சுக்க மாட்டாரு. இவரு கோவிச்சா அடுத்த வருசம் நீ மெழுகுதிரி பிடிச்சிட்டு நிக்கணும்."

நாடகம் ஓடும்போது போர்டு எண்களை வரிசையாகத்தான் ஏற்றும். ஆகவே அந்த வெளிச்சத்தை இடைவேளைக்கு ஒதுக்கிய பதினான்காம் எண்ணிலும் வைக்க வேண்டும். அதற்கு காப்பி என்றொரு பொத்தான். அதை ஒட்டியே மூவ் என்று இன்னொன்று. அதை அழுத்தினால் வெளிச்சம் புது எண்ணுக்குப் போய்விடும், பழைய எண் காலி. அருவருப்பில் நான் பொத்தானைப் பார்க்காமலே அழுத்தினேன்.

வளைகுடாக்காரர் மேடை ஏறினார். ஆண்டவர் எழவேண்டிய வெளிச்சத்தில் அவருடைய கழுத்து வியர்வை மினுங்கியது. கைபேசிகளில் படம் பிடித்தார்கள்.

கடைசிக் காட்சிக்கு இருபத்துநான்கை ஏற்றினேன். மேடை இருண்டது. விளக்கு கெட்டதென்று நினைத்து வயரை ஆட்டிக்கொண்டிருந்தேன். இயேசுவாக நடித்தவர் இருட்டில் கைகளை விரித்தபடியே நின்றார். கூட்டத்தில் சீழ்க்கை எழுந்தது, திரையை இழுத்துவிட்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் பதினான்கை அழுத்திப் பார்த்தேன். நீலம் கரைந்து வெள்ளை ஏறி, மேடையை ஒழிக்கும்போது யாரோ நடுவில் வைத்த, பொன்னாடையின் பிளாஸ்டிக் உறை கிடந்த காலி நாற்காலிமேல் போய் அழகாக நின்றது.

அதற்குள் கோவில் வாசலில் துணைத்தலைவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். "வெட்டத்துக்கு ஒரு கொறையும் இல்ல. இடைவேளையில நல்லா எரிஞ்சிதுல்லா. ஆளுக்க கொறையாக்கும். நோன்ப முறிச்சிருப்பான்."

"குடிச்சிருப்பான்," என்றார் இன்னொருவர்.

மறுநாள் இயேசுவாக நடித்தவர் கடைக்கு வந்தார். "அண்ணே, எல்லாம் பாத்துட்டு இருந்தது நீங்க. எனக்க மேல என்ன கொறை கண்டிய?"

"மெசினு சமாச்சாரம். ஆருக்குத் தெரியும்?" என்றேன். உண்மையைச் சொன்னால் கோவில் வேலைகள் கைவிட்டுப் போகுமே என்ற பயம். அன்று மாலை அதே வாயால் செபமாலை சொன்னேன். அந்த வாய் எனக்கே நாறியது.

அடுத்த வருடம் வேடம் வேறொருவருக்குப் போனது. பூசையில் வாசகம் வாசிப்பதிலிருந்தும் அவரை நிறுத்தினார்கள். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னபோது, "அவரிடம் போய்ச் சொல்," என்றார் பங்குத்தந்தை. போகவில்லை.

போன மாதம் திற்பரப்பு அருவியில் குளித்துக் கரையேறினேன். முன்பின் தெரியாத ஒருவர் அந்தக் கதையை என்னிடமே சொன்னார். "வெட்டம் அவனுக்க காலு வர வந்துச்சாம். குடிகாரன்னு கண்டதும் திரும்பிப் போச்சாம்." பக்கத்தில் நின்றவர்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

மறுநாளே கீரிப்பாறைக்குப் பஸ் ஏறி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த ரப்பர் பால் வாளியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"நான் குடிக்கல்லன்னு எனக்கு அப்பமே தெரியும். எங்கிட்ட செல்லி என்ன பிரயோசனம்? அந்தக் கதையக் கேட்டவங்ககிட்ட செல்லுங்க."

அதனால்தான் எழுதினேன். யாருக்குச் சொன்னாலும் ஆண்டவர் காட்டிய அடையாளம் என்று கூட்டிச் சொல்ல வேண்டாம். கை தவறியதுதானே என்று எனக்காகக் குறைக்கவும் வேண்டாம். அவர் நோன்பை முறிக்கவில்லை. பொத்தானை மாற்றி அழுத்தியதும், பிறகு வாயை மூடிக்கொண்டதும் நான். இருக்கிறபடியே சொல்லுங்கள்.