இருபத்தொன்பதை வேண்டாம் என்ற எர்மீரா

இத்தாலியின் பாரி நகரத்தில், சட்டம் படிக்கிறவர்கள் பரீட்சைக்கு முன்னும் பின்னும் நடுங்குவதற்கென்றே ஒனோஃப்ரியோ ஒரு காபிக்கடை வைத்திருக்கிறார். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஜூலை மாதக் காலையில் அங்கே கிளம்பிய வதந்தி இது: ரோமானியச் சட்ட வாய்மொழித் தேர்வில் முப்பதுக்கு இருபத்தொன்பது தருகிறேன் என்ற பேராசிரியரிடம், ஓர் அல்பேனியப் பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

மதியத்துக்குள் அதற்குக் கை கால் முளைத்துவிட்டது. அவர் கொடுத்தது முழு முப்பதாம், இவள் சிரித்துவிட்டுப் போனாளாம். பேராசிரியர் லோயாகோனோ கண் கலங்கியதைத் தன் மைத்துனர் நேரில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். பெண்ணின் அப்பா அல்பேனியாவில் பெரிய நீதிபதி என்றார் இன்னொருவர். ஒனோஃப்ரியோவுக்கு எதிலும் திருப்தியில்லை.

"பதினெட்டு வாங்கிப் பாஸானா போதும்னு மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்துற ஊரு சார் இது. இருபத்தொம்பதையே வேணாம்னா, அந்தப் பொண்ணுக்கு வேற என்னதான் வேணும்?"

நியாயமான கேள்வி. கொடுத்த மதிப்பெண் பிடிக்காவிட்டால் மறுத்துவிட்டு, அடுத்த தடவை வந்து மறுபடி உட்காரலாம் என்பது இங்கே மாணவர்களின் உரிமை. இருபதை மறுப்பார்கள், வீட்டில் திட்டு விழும் என்றால் இருபத்திரண்டையும் மறுப்பார்கள். ஆனால் லோயாகோனோவிடம் இருபத்தொன்பது வாங்கியவர்கள் மொத்தமே ஒரு காருக்குள் அடங்குவார்கள். விசாரித்துவிடுவது என்று கிளம்பினேன்.

முதல் சாட்சி, தேர்வு அறை வாசலில் பெயர் கூப்பிடும் சவினோ. மறுத்தது உண்மைதான் என்றார். நெஞ்சில் கை வைத்து, தலையைக் குனிந்து, 'வேண்டாங்கய்யா' என்றாளாம். பேராசிரியர் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, 'மறுத்தார்' என்று எழுதி, அடுத்த ஆளைக் கூப்பிட்டாராம். கண் கலங்கியதெல்லாம் பொய், அவருக்கு அந்த வசதி கிடையாது.

"ஆனா ஒண்ணு சார். அவரு எழுதி முடிச்சப்புறமும் அந்தப் பொண்ணு எந்திரிக்கல. எதுக்கோ காத்துக்கிட்டிருக்கிற மாதிரி உக்காந்தே இருந்திச்சு."

எர்மீரா கொல்ஜினியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. காலை வேளைகளில் நீதிமன்றத் தெருவில் நகல் எடுக்கும் கடை ஒன்றில் நின்றாள். சொந்த ஊர் கடலுக்கு அந்தப் பக்கம், லேஜா. அப்பா பஸ் ஓட்டுகிறார். அதில் சில நீதிபதிகள் ஏறியிருக்கலாம், அந்த அளவுக்கு வதந்தி சரிதான்.

கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "நான் எங்க சார் மறுத்தேன்? முதல் தடவைதானே வேணாம்னேன்."

லேஜாவில் ஒரு வீட்டுக்குப் போனால், காபி குடிக்கிறாயா என்று கேட்பார்கள். வேண்டாம், எதற்குச் சிரமம் என்று சொல்ல வேண்டும். மறுபடி கேட்பார்கள், அப்போதும் வேண்டாம். மூன்றாம் தடவை வற்புறுத்தும்போதுதான் கையை நீட்டலாம். முதல் தடவையே வாங்கிக் குடித்தவளை அத்தைமார்கள் வருஷக்கணக்கில் பேசுவார்கள். இங்கே அவள் அதுவரை எழுதிய பரீட்சைகள் எல்லாம் தாளில். ஒரு பெரிய மனிதர் எதிரில் உட்கார்ந்து, 'இருபத்தொன்பது தரலாம், சம்மதமா?' என்று உபசாரம் போலக் கேட்டது அன்றுதான். போதாததற்கு அவளுக்கு முன்னால் போன பையன் இருபதை வேண்டாம் என்றான், நடுவில் பேசியது வாசல் வரை கேட்கவில்லை, கடைசியில் பேராசிரியர் அவனுக்குக் கை குலுக்கி அனுப்பினார். நல்ல குடும்பத்துப் பையன், வழக்கம் இங்கேயும் அதேதான் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

"ரெண்டாவது தடவை கேப்பாருன்னு உக்காந்திருந்தேன். கேக்கவே இல்ல."

"அப்பவே விஷயத்தைச் சொல்லியிருக்கலாமேம்மா?"

"எப்படி சார்? நீங்க இன்னும் ரெண்டு தடவை கெஞ்சியிருக்கணும்னா?"

சிரித்தாள், ஆனால் சிரிக்கும் நிலைமை இல்லை. ஆகஸ்ட் பத்துக்குள் ரோமானியச் சட்டம் தேறாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும், விடுதி அறையும் போய்விடும். அப்புறம் கப்பலேறி லேஜாவுக்குப் போக வேண்டியதுதான். மிச்சம் இருந்தது ஜூலை இருபத்திரண்டாம் தேதி ஒன்றுதான்.

அதற்குள் வதந்தி அவளுக்கு ஒரு மரியாதையைச் சம்பாதித்துக் கொடுத்திருந்தது. விடுதியில் பையன்கள் வழிவிட்டு நின்றார்கள். நகல் எடுக்க வந்த வக்கீல் ரொசாங்கெலா, இவள்தான் அவள் என்று தெரிந்ததும் தன் முகவரி அட்டையை நீட்டினார். "லோயாகோனோவையே வேணாம்னவ என் ஆபீஸ்ல இருக்கணும். பாஸ் பண்ணிட்டு வா." எர்மீரா அந்த அட்டையை மட்டும் முதல் தடவையே வாங்கிக்கொண்டாள். கெட்ட செய்தி சவினோ மூலம் வந்தது: இருபத்தொன்பது போதாது என்கிற பெண்ணுக்காகப் பேராசிரியர், வருஷக்கணக்காகத் தொடாத புத்தகங்களை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டாம் தேதி அறையில் நிற்க இடமில்லை. நாற்பது நிமிஷம் கேட்டார். இரண்டு எஜமானர்களுக்குப் பொதுவான அடிமை ஒரு பொருளை வாங்கினால் அது யாருக்குச் சேரும் என்பதில் தொடங்கினார். அதை அழகாகப் பிரித்துக் கொடுத்தாள். பிறகு வந்தவற்றில் இரண்டு இடத்தில் தடுமாறினாள், ஓர் இடத்தில் சுத்தமாக நின்றே விட்டாள். பேராசிரியர் புத்தகத்தை மூடினார்.

"அப்போ நான் தரக்கூடியது..."

"சம்மதம் ஐயா."

"ஏம்மா, நான் இன்னும் எண்ணையே சொல்லலையே."

"எதுவா இருந்தாலும் சம்மதம்."

பின்வரிசை சிரித்து ஓய்ந்ததும் இருபத்திநாலு என்று எழுதினார். விடுதி அறை பிழைத்தது. அவள் எழுந்திருக்கும்போது பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இருபத்தொன்பதை வேண்டாம் என்றவள் இருபத்திநாலை இப்படிப் பறித்துக்கொள்வானேன், காரணம் தெரிந்தாக வேண்டும் என்றார். வியாழக்கிழமை உங்கள் அறைக்கு வந்து சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

இப்போது அவள் நாலாம் வருஷம். மதியத்துக்கு மேல் ரொசாங்கெலாவின் அலுவலகத்தில் வேலை. கட்சிக்காரர்கள் வந்தால் ரொசாங்கெலா அவளை அறிமுகப்படுத்துவதே அந்த வதந்தியைச் சொல்லித்தான், அதுவும் முப்பது என்று. இதை எழுதலாமா என்று கேட்டதற்கு, பேராசிரியருக்குத் தெரியாத மொழியாக இருந்தால் சரி, லத்தீன் மட்டும் கூடவே கூடாது என்றாள்.

வியாழன்தோறும் நாலு மணி வரை பேராசிரியர் அறைக் கதவு திறந்திருக்கிறது. எர்மீரா வந்தாளா என்று அவர் சவினோவிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அவள் இன்னும் போகவில்லை.