ஒட்டாமல் விட்ட ஓர் அட்டை

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு ஜூன் மாதம். கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை கிடைத்ததால் திருச்சியிலிருந்து குடிவந்திருந்தோம். திருப்போரூர் பக்கம் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பு ஆசிரியையாகச் சேர்ந்து எனக்கு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

ஓவிய வகுப்பில் ஒரு விளையாட்டு வைத்தேன். ஆளுக்கு ஓர் அட்டை. பெயர் எழுதக் கூடாது. ‘இதுதான் நான்’ என்று காட்டும்படி ஒரு சின்னம் வரைய வேண்டும். அட்டைகளைச் சுவரில் ஒட்டிவிடுவேன். எது யாருடையது என்று மறுநாள் மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

வேல், மயில், கிரிக்கெட் மட்டை, படகு, கம்ப்யூட்டர் என்று ஒவ்வொன்றாக வந்தன. கடைசியாக ஒரு சிறுமி சிரித்துக்கொண்டே தன் அட்டையை நீட்டினாள். வட்டமாக ஒரு பறை; பக்கத்தில் ஒரு நீளக் குச்சி, ஒரு குட்டைக் குச்சி.

எனக்குத் திக்கென்றது. வகுப்புப் பதிவேட்டை எழுதியவள் நான்தான். அவள் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்று தெரியும். மற்ற பிள்ளைகள் ஏதாவது சொல்லிவிட்டால்? சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அந்த ஓர் அட்டையை மட்டும் மேஜைக்குள் வைத்துவிட்டு மற்றவற்றை ஒட்டினேன்.

மறுநாள் மணி அடிக்கும் முன்பே என் மேஜை அருகே வந்து நின்றாள்.

“மிஸ், என்னுது மட்டும் காணோமே?”

“இடம் பத்தலைம்மா.”

அவள் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். “அந்த ஓரத்துல எடம் கீதே மிஸ்.”

இன்னொரு பொய் வாயில் வரவில்லை. “யாராவது உங்க வீட்டைப் பத்திக் கிண்டல் பண்ணிடுவாங்களோன்னு…” என்று இழுத்தேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு முகம் மாறியது.

“எங்கப்பா பறை அடிக்க மாட்டாரு மிஸ். அவரு சிறுசேரியில ஆபீஸ் வண்டி ஓட்டுறாரு. நான்தான் அடிப்பேன். ஞாயித்துக்கெழமை கிளாஸுக்குப் போய்க்கினு இருக்கேன்.” கொஞ்சம் நிறுத்தி, மெதுவாகச் சொன்னாள்: “யாரும் கிண்டல் பண்ணல மிஸ். நீங்கதான் எடுத்து வெச்சிட்டீங்க.”

பதினோரு வயதுக் குழந்தையை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. “தப்பு என்னோடதுதாம்மா” என்றேன். அட்டையை எடுத்து, அவளையே ஒட்டச் சொன்னேன்.

விளையாட்டு தொடங்கியது. பறை அட்டையைக் காட்டினேன். நான் கேட்டு முடிக்கும் முன்பே மூன்று நான்கு பேர் அவள் பெயரைக் கத்தினார்கள். “எப்படித் தெரியும்?” என்றேன்.

பக்கத்தில் உட்காரும் பெண் எழுந்து, “எப்பப் பாத்தாலும் டெஸ்க்குல தட்டிக்கினே இருப்பா மிஸ். பேஜாரு! எழுதவே விட மாட்டா” என்றாள். வகுப்பே சிரித்தது. பறை வரைந்தவளும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதே வகுப்பில் இரண்டு வாரமாக நானும்தான் இருந்தேன். அவள் விரல்கள் தாளம் போட்டதை ஒருநாள்கூடக் கவனிக்கவில்லை. பதிவேட்டில் அவள் தெருவின் பெயரை மட்டும் கவனமாகப் படித்திருந்தேன். இன்றும் புது வகுப்பு தொடங்கும்போது, பதிவேட்டில் முகவரிகளைப் பார்ப்பதற்கு முன் பிள்ளைகளோடு ஒரு வாரமாவது சும்மா பேசிப் பழகுகிறேன். அப்படியும் எத்தனை பேரைச் சரியாகப் பார்த்தேன் என்று உறுதியாகச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.