இசைத்தட்டின் இரண்டாம் பக்கம்

2009 வசந்தத்தில் நாங்கள் மூன்று பேரும் ஏறக்குறைய ஒவ்வொரு நாளும், ஊரில் நடந்த போரை நிறுத்தச் சொல்லி, பிரெஞ்சுத் தலைநகரின் ஊர்வலங்களில் கத்திக்கொண்டிருந்தோம். அப்போது எனக்கு இருபத்தொரு வயது. ரொய்சி விமான நிலையத்தில் பயணப்பெட்டிகள் ஏற்றி இறக்கும் வேலை. வேலை முடிந்ததும் கூசேன்வில் வீட்டில் சட்டையை மாற்றிக்கொண்டு ரயிலேறி, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்கு வந்துவிடுவேன். மே மாதம் போர் முடிந்தது. ஊர்வலங்களும் மெல்ல மெல்ல நின்றன. அதன் பிறகும் நான் வேலை முடிந்து லா சப்பலுக்கு வந்துகொண்டுதான் இருந்தேன். அங்கே செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

மற்ற இருவரையும் ஊர்வலத்தில்தான் பழக்கம். ஒருவன் என்னைப் போல யாழ்ப்பாணத்திலிருந்து சிறுவயதில் வந்தவன். ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். மற்றவள் புதுச்சேரிக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். இங்கேயே பிறந்து, சென் தெனிப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் அவளுக்கு உறவென்று யாரும் இல்லை. ஏன் ஊர்வலத்துக்கு வருகிறாய் என்று கேட்டதற்கு, "தமிழ்ல கத்துறாங்க, நானும் கத்துறேன்" என்று மட்டும் சொன்னாள்.

பங்க் என்ற கத்தல் இசை எங்களுக்கு அவளிடமிருந்து வந்ததுதான். அவளிடம் ஒரு பழைய கிட்டார் இருந்தது. ஜூலையில் ஒருநாள் தேநீர்க் கடையில் வைத்துச் சொன்னாள்: "கிட்டார்ல மூணு பிடி தெரிஞ்சா போதும். பாட வராட்டியும் பரவால்ல. இதுல பாடவே வேணாம், கத்தினா போதும்."

"அது எங்களுக்கு வரும்" என்றான் கோப்பை கழுவுகிறவன்.

ரூ பஜோல் தெருவில் அவனுடைய அத்தான் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடைக்குக் கீழே அரிசி மூட்டைகள் அடுக்கிய நிலவறை. ஞாயிறு பின்னேரங்களில் அதை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். நான் டிரம்ஸ், அவன் பாஸ் கிட்டார், அவள் கிட்டாரும் குரலும். மூட்டைகள் சத்தத்தை உறிஞ்சிக்கொண்டதால் மேலே வாடிக்கையாளருக்கு அதிகம் கேட்கவில்லை. கேட்டவர்களிடம் அத்தான், கீழே குளிரூட்டி திருத்துகிறார்கள் என்று சொல்லிச் சமாளித்தார்.

அடுத்த ஆண்டு ஓர் இசைத்தட்டு வெளியிட்டோம். நாற்பத்தைந்து சுற்றில் ஓடும் சிறிய தட்டு, முந்நூறு பிரதிகள். முதல் பக்கத்தில் வதிவிட அனுமதிக்காக விடியற்காலையிலிருந்து வரிசையில் நிற்பது பற்றிய பாட்டு. இரண்டாம் பக்கத்தில் நாற்பது விநாடிகூட வராத ஒரு பாட்டு. அது வானொலியைப் பற்றியது.

அந்த வசந்தம் முழுவதும் எல்லாத் தமிழ் வீடுகளிலும் கடைகளிலும் ஒரே ஒரு வானொலிதான் பாடிக்கொண்டிருந்தது, அல்லது செய்தி சொல்லிக்கொண்டிருந்தது. விளம்பரத்தை நம்பி நடந்த தனியார் வானொலி. கிடைத்தபோதெல்லாம் போரில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். பெயர்கள் முடிந்ததும் நகைக்கடை, புடவைக்கடை, விமானச் சீட்டு. ஜூன் மாதத்தில் பெயர்கள் நின்றுபோய் மற்றதெல்லாம் அப்படியே தொடர்ந்தது. கூடவே சினிமாப் பாட்டும் பிறந்தநாள் வாழ்த்தும். பாட்டின் வரிகளை நாங்கள் மூவரும் சேர்ந்து எழுதினோம். "செத்தவர் பேர் வாசிச்சாச்சு, சேலை வாங்குங்கோ, மிச்சப் பேர் நாளைக்கு, மோதிரம் வாங்குங்கோ" என்று தொடங்கும். அவள் அதை எங்கள் உச்சரிப்பில் சொல்லப் பழகுவதற்கு இரண்டு வாரம் பிடித்தது.

தட்டு வந்ததும் முதலில் ஒரு பெரிய பிரெஞ்சு வணிக வானொலிக்குக் கொண்டுபோனோம். அவள்தான் பேசினாள். வரவேற்பறைக்கு இறங்கி வந்த இளைஞன் தட்டின் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எந்த மொழி என்று கேட்டான். பிரெஞ்சுப் பாடல்களுக்கென்று சட்டப்படி ஒரு பங்கு ஒதுக்க வேண்டும், மீதி இடத்துக்கு ஆங்கிலப் பாடல்களோடு போட்டி போட வேண்டும், தமிழுக்கு எங்கே இடம் என்று பொறுமையாக விளக்கினான். "உங்களுக்கென்று ஒரு வானொலி இருக்குமே" என்றும் சொன்னான். அதில் கேலி எதுவும் இருக்கவில்லை.

எங்களுக்கென்று இருந்த வானொலிக்குப் போனோம். நிகழ்ச்சிப் பொறுப்பாளர் ஐம்பது வயதைத் தாண்டியவர். எல்லாரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் பக்கத்தை மட்டும் போட்டுக் கேட்டார். பாதியில் ஊசியைத் தூக்கினார்.

"தம்பி, பதிவு பிழைச்சுப் போச்சோ?"

"இல்லை அண்ணை, இது இப்பிடித்தான்" என்றேன்.

"சனம் வேலையால களைச்சு வந்து றேடியோவைப் போடுது. இதைப் போட்டா நிப்பாட்டிப்போடும். பிறகு விளம்பரம் தாற கடைக்காரர் என்னைத்தான் கேப்பினம்."

"அப்ப விளம்பரந்தான் முக்கியமா?" என்று அவள் கேட்டாள்.

"ஓம் பிள்ளை" என்றார். தட்டை உறையில் போட்டுத் திருப்பித் தந்தார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் பாஸ் வாசிப்பவன் சொன்னான். அத்தானுடைய கடைக்கு அந்த வானொலியில் நாளுக்கு மூன்று தடவை விளம்பரம் போகிறது. அது நாற்பது விநாடி. எங்கள் இரண்டாம் பக்கத்துப் பாட்டுக்கு அது போதும்.

அத்தானிடம், கடைக்குப் புதிதாக ஒரு விளம்பரம் செய்திருக்கிறோம், பாட்டோடு வரும் என்றோம். அவர் கேட்டுப் பார்க்கவில்லை. எங்களை நம்பினார் என்பதுதான் காரணம். அது இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. பாட்டின் முடிவில் அவள் கடையின் பெயரையும் தெருவையும் சொல்வதை ஒட்டி, வானொலியில் விளம்பரங்களைக் கணினியில் ஏற்றும் பிரிவுக்கு அனுப்பினோம். அண்ணையின் கைக்கு அது போகவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அது ஒலிபரப்பானது. அன்று எனக்கு வேலை இல்லை. நாங்கள் மூவரும் கடையில் நின்று கேட்டோம். மரக்கறி தெரிவு செய்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் தலையை நிமிர்த்தினார்கள். அத்தான் பற்றுச்சீட்டு அடிப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். பாட்டு முடிந்து அடுத்த விளம்பரம் தொடங்கியது. அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவ்வளவு சந்தோஷமாக அந்தக் காலத்தில் நான் வேறு எப்போதும் இருந்ததாக நினைவில்லை.

பதினொரு மணியளவில் கடைத் தொலைபேசி அடித்தது. அத்தான் எடுத்துக் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார். ஒரு பெண் குரல்.

"விளம்பரத்திலை அந்தப் பாட்டுப் பாடினது நீங்களோ?"

"ஓம் அக்கா."

"என்ரை தம்பியின்ரை பேரை அந்த றேடியோவிலைதான் வாசிச்சவை. வாசிச்சு முடிய உடனை நகைக்கடை விளம்பரம் போச்சுது. நான் உதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நீங்கள் பாட்டிலை சொல்லிப்போட்டியள்."

"பிழையா அக்கா?" என்று கேட்டேன்.

"தெரியேல்லை. இனிப் போடாதேங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டார். பெயர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மத்தியானம் அது இன்னொரு தடவை போனது. அதை நிறுத்த எங்களுக்கு வழி தெரியவில்லை. அதற்குப் பிறகு அண்ணை கடைக்குத் தொலைபேசியில் அழைத்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை.

"நிப்பாட்டிப்போட்டன்" என்றார். "அந்தப் பேருகளை வாசிச்சது நான்தான், தெரியுமோ?"

"தெரியும் அண்ணை."

"பேர் வாசிச்ச பிறகு விளம்பரம் போகாட்டி, அடுத்த நாள் பேர் வாசிக்க றேடியோ இருந்திருக்காது. வேறை ஆர் வாசிச்சிருப்பினம், பிரெஞ்சு றேடியோக்காரனோ?"

மாலையில் கடையைப் பூட்டும்போது, நிலவறையைக் காலி செய்து தரும்படி அத்தான் கேட்டார்.

நாங்கள் பிரிந்ததற்கு அது காரணமில்லை. வேறு இடம் தேடியிருக்கலாம். அந்த அக்காவின் தொலைபேசி அழைப்புதான் காரணம். இரண்டாம் பக்கத்தை இனி எங்கேயும் வாசிப்பதில்லை என்றான் பாஸ் வாசிப்பவன்.

"ஒருத்தங்க போன் பண்ணதுக்காகவா?" என்றாள் அவள். "அவங்க நல்லா இல்லன்னு சொல்லலியே. தெரியலன்னுதான சொன்னாங்க."

"போடாதேங்கோ எண்டும் சொன்னவா. நீர் அதைக் கேக்கேல்லை."

"பாட்டு உண்மையா இல்லையா, அதச் சொல்லு."

"உண்மைதான். அதுக்கு?"

இப்படியே இரண்டு ஞாயிறு போனது. மூன்றாவது ஞாயிறு அவள் வரவில்லை.

அதுவரை நாற்பது, ஐம்பது தட்டுகள் வெளியே போயிருக்கும். மிச்சப் பெட்டிகளை அவனும் நானும் அவன் வேலை செய்த உணவகத்தின் வான் வண்டியில் ஏற்றினோம். என் வீட்டுக்குக் கொண்டுபோவதாகத்தான் பேச்சு. சென் தெனியைத் தாண்டும்போது அவன் கழிவு சேகரிக்கும் நிலையத்துக்குள் வண்டியைத் திருப்பினான். நான் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு பேருமாகத் தூக்கிப் போட்டோம். அவளிடம் சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம் என்றிருந்தேன், அவள் கேட்கவில்லை.

பத்து வருடங்களுக்கு மேல் கழித்து அவளிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. பழைய பங்க் இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்பவர் ஒருவர் நாந்த் நகரிலிருந்து அவளுக்கு எழுதியிருந்தார். எங்கள் தட்டு சேகரிப்பவர்களிடையே மிக அரிதாகிவிட்டதாம். விளம்பரமாக ஒலிபரப்பான கதையும் எப்படியோ அவருக்குத் தெரிந்திருந்தது. மறுபதிப்புச் செய்ய விரும்பினார். மிச்சப் பெட்டிகள் உன்னிடம்தானே இருக்கின்றன என்று அவள் கேட்டிருந்தாள்.

லா சப்பலில் சந்தித்தோம். அவள் இப்போது பள்ளிக்கூடமொன்றில் வரலாறு கற்பிக்கிறாள். பெட்டிகளுக்கு என்ன ஆனது என்று சொன்னேன். வண்டியை ஓட்டியவன் அவன் என்றாலும் தூக்கிப் போட்டது நானும்தான் என்று சேர்த்துச் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் காப்பியைக் குடித்து முடித்தாள்.

"கேட்டிருக்கலாம்ல" என்றாள். "வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா கேட்டிருக்கலாம்."

"ஓம். கேட்டிருக்க வேணும்" என்றேன்.

அடுத்த மாதம் மூவரும் பாஸ் வாசித்தவனுடைய வீட்டில் கூடினோம். அவனுக்கு இரண்டு பிள்ளைகள். அவர்கள் அவளோடு பிரெஞ்சில் சளைக்காமல் பேசினார்கள். மறுபதிப்பைப் பற்றி அவன் சொன்னது ஒன்றுதான்: "முதல் பக்கம் எண்டா எனக்குப் பிரச்சினை இல்லை." அவள் பழையபடி வாதாடுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டாம் பக்கத்துப் பாட்டு சரியென்றுதான் இன்னும் நினைக்கிறேன் என்றாள். பிறகு, சரி, முதல் பக்கம் மட்டும் என்று எழுதிவிடலாம் என்றாள்.

எழுதினோம். நாந்த்காரர் மரியாதையாகப் பதில் அனுப்பினார். ஆட்கள் தேடுவது இரண்டாம் பக்கத்தைத்தான், அது இல்லாமல் வெளியிடுவதில் பொருளில்லை என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அந்த வானொலி அதற்குச் சில வருடங்களுக்கு முன்பே மூடப்பட்டிருந்தது. விளம்பரம் கிடைக்கவில்லை என்றார்கள்.

கடந்த கோடையில் அவள் தன்னிடமிருந்த ஒரே பிரதியைப் பதிவுசெய்து எங்கள் இருவருக்கும் மட்டும் அனுப்பினாள். இடைவேளையில், விமான நிலையத்து ஓய்வறையில் உட்கார்ந்து இரண்டு பக்கங்களையும் கேட்டேன். முதல் பாட்டில் என் டிரம்ஸ் கிட்டாரை விட்டு முன்னால் ஓடுகிறது. அது அப்போது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. பாஸ் வாசித்தவனிடம் சொன்னபோது, தான் இன்னும் அந்தப் பதிவைப் போட்டுக் கேட்கவில்லை என்றான்.