அவர் குடும்பக் காரணத்துக்காக விலகவில்லை

ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது ரதி அக்காவின் அழைப்பு வந்தது. "சுபா, இவர் போயிட்டார். காலமை கடை திறக்க வெளிக்கிட்டவர், வாசல்லயே விழுந்திட்டார்." அவருடைய கணவர், மோர்டனில் டயர் கடை வைத்திருந்த ஞானம் அண்ணையை உங்களில் பலருக்குத் தெரியும். அந்தக் கைகளில் டயர்க் கறுப்புப் படியாத காலத்தில் அவர் என்னவாக இருந்தார் என்பது சிலருக்குத்தான் தெரியும்.

நான் வீடு சேர்வதற்குள், அவர் ஒருகாலத்தில் பயிற்சி கொடுத்த விளையாட்டுக் கழகத்தின் இரங்கல் செய்தி கைப்பேசிக்கு வந்துவிட்டது. எப்போதும் சிரித்த முகத்தோடு இருந்தவராம். குடும்பக் காரணங்களுக்காகப் பொறுப்பிலிருந்து விலகியவராம். இரண்டும் பொய். பயிற்சித் திடலில் ஞானம் அண்ணையின் முகம் புளியங்காயைக் கடித்தவர் முகம்போலத்தான் இருக்கும். அந்தப் பொய்யைச் சிரித்துவிட்டு மறந்துவிடலாம். மற்றப் பொய்க்காகத்தான் இதை எழுதுகிறேன்.

லண்டனில் இருந்துகொண்டு ஐரோப்பிய லீக்கில் ஆடும் ஓர் அமெரிக்கன் ஃபுட்போல் கழகத்தில் நான் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். எங்கள் உதைபந்தாட்டம் அல்ல அது. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு மோதுகிற ஆட்டம். அதில் தாக்குவதற்கு ஒரு பிரிவு, தடுப்பதற்கு ஒரு பிரிவு. பந்தை உதைக்க வேண்டிய நேரங்களில் மட்டும் மூன்றாவது பிரிவு ஒன்று இறங்கும். அதை ஸ்பெஷல் டீம்ஸ் என்பார்கள். பெயர்தான் ஸ்பெஷல். கழகம் தொடங்கியபோது அந்தப் பிரிவுக்குப் பயிற்சியாளராக வந்த அமெரிக்கர், பயிற்சியின் கடைசிப் பத்து நிமிடத்தை அதற்கு ஒதுக்கிவிட்டுத் தன் காருக்குப் போய்விடுவார். அவர் போன பிறகு தடுப்புப் பிரிவின் பயிற்சியாளரிடமே இதையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மூன்றாவதாக வந்தவர் ஞானம் அண்ணை.

அகதியாக ஜெர்மனிக்குப் போய், டோர்ட்முண்டில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிய காலத்தில், கூட வேலை செய்த ஜெர்மன்காரன் ஒருவன் தன் அணிக்கு உதைக்க ஆள் இல்லை என்று அவரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறான். இடது காலால் உதைத்துக் காட்டினார். அன்றிலிருந்து பதினைந்து வருடம் அங்கே ஆடினார், பிறகு பயிற்சி கொடுத்தார். மகளை ஆங்கிலத்தில் படிக்க வைக்க லண்டனுக்கு வந்து டயர் கடை போட்டார். கழகம் கூப்பிட்டபோது கடையை மச்சானிடம் கொடுத்துவிட்டு முழுநேரமாக இறங்கினார். ரதி அக்காவுக்கு அதில் விருப்பமில்லை. "வெள்ளைக்காரன்ர விளையாட்டை நம்பிக் கடையை விடுறியளோ?" என்று கேட்டாராம். "விளையாட்டை நம்பலாம்" என்றாராம் அண்ணை.

அவர் வந்த பிறகுதான் மற்ற அணிகள் எங்கள் உதைகளைப் படம் எடுத்துப் பார்க்கத் தொடங்கின. "உதைக்கிற நேரம் எல்லாரும் தண்ணி குடிக்கப் போறாங்கள். மேட்ச் கைவிட்டுப் போறதும் அந்த நேரம்தான்" என்பார். இரண்டு பக்கமும் முழு வேகத்தில் ஓடிவந்து மோதுகிற பிரிவு அது. காயம்பட்டு என் மேசைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அவருடைய ஆட்கள். அதனால் மோதும் முறையை அவர் திரும்பத் திரும்பப் பழக்குவார். தலையைத் தாழ்த்தி மோதுகிறவனை அந்த இடத்திலேயே வெளியே அனுப்பிவிடுவார். "முன்னால வாறவனுக்கும் வீடு இருக்கு. உனக்கும் இருக்கு." இதை ஆங்கிலத்தில் சொல்லும்போதும் யாழ்ப்பாணத் தமிழில் திட்டுவதுபோலவே இருக்கும்.

அரையிறுதி ஆட்டம். எங்கள் மைதானம், நல்ல வெயில். உதைத்த பந்தின் பின்னால் ஓடிய எங்கள் ஆட்டக்காரன் ஜெரோம் எதிராளியோடு மோதி விழுந்து, எழுந்து, எதிரணியின் பெஞ்சை நோக்கி நடந்தான். வால்தம்ஸ்டோவில் பெற்றோரோடு இருந்த, அந்த ஆட்டப் பருவத்தில்தான் திருமணம் முடித்திருந்த ஆள். இன்று யாருடன் ஆடுகிறோம் என்று கேட்டேன். போன கிழமை ஆடிய அணியின் பெயரைச் சொன்னான். அவனுடைய தலைக்கவசத்தைக் கழற்றி ஞானம் அண்ணையிடம் கொடுத்தேன்.

"தங்கச்சி, என்ன மாதிரி?"

"தலையில அடி அண்ணை. இண்டைக்கு இனி ஏலாது."

"ஓம்" என்றார். கவசத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருந்தது. மூன்று புள்ளிகள் முன்னால் நின்றோம். தலைமைப் பயிற்சியாளர் வந்தார். அவன் நடக்கிறான்தானே, இறக்கு என்றார். நான் முடியாது என்று விளக்கத் தொடங்கினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அண்ணையிடம் கையை நீட்டிக் கவசத்தைக் கேட்டார்.

"நோ" என்றார் ஞானம் அண்ணை.

தலைமைப் பயிற்சியாளர் கத்தினார். அண்ணை திரும்பக் கத்தவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. கவசத்தைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு, ஜெரோமின் இடத்துக்கு வேறொருவனை அனுப்பினார். அடுத்த உதையில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தவனை அவன் பிடிக்கத் தவறினான். அந்த எதிரணிக்காரன் எங்கள் எல்லைக்கோடுவரை ஓடிவிட்டான். தோற்றோம்.

திங்கட்கிழமை அவரை நிறுத்தினார்கள். அவருடைய இடத்துக்குத் தலைமைப் பயிற்சியாளரின் பழைய நண்பர் ஒருவர் வந்தார். குடும்பக் காரணம் என்ற வார்த்தை அன்றுதான் பிறந்தது. நான் முகாமையாளரின் அறைக்குப் போய், நடந்ததைச் சொன்னேன். விசாரிக்கிறோம் என்றார்கள். மறுபடி போனேன். உன் வேலைக்கு ஆபத்தில்லையே, பிறகு ஏன் கவலைப்படுகிறாய் என்று கேட்டார்கள். பருவம் முடியவும் வேலையை விட்டேன். ஞானம் அண்ணை தான் திறந்த கடைக்கே, மச்சானிடம் சம்பளத்துக்குப் போனார். ஐந்து வருடம் கழித்துத்தான் கடை திரும்ப அவர் கைக்கு வந்தது.

போன வருடம் கழகம் தன் இணையதளத்தில் ஸ்பெஷல் டீம்ஸ் பயிற்சியாளர்களின் வரலாறு என்று ஒன்றைப் போட்டது. காருக்குப் போனவருக்கும் படம் இருந்தது, பழைய நண்பருக்கும் படம் இருந்தது. ஆறு பருவம் உழைத்தவருக்கு ஒரே வரி: "இடைக்காலப் பொறுப்பு." கடைக்குப் போய் அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

"ஜெர்மனியில என்ர விசாவிலயும் இடைக்காலம் எண்டுதான் எழுதினவங்கள்" என்றார். பிறகு, "உம்மட காரின்ர முன் டயர் தேஞ்சு கிடக்கு, பாத்தனீரோ?" என்று எழுந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. அவருக்காக அல்ல, ஆத்திரத்தில்.

இறுதிச் சடங்குக்குக் கழகத்திலிருந்து முகாமையாளர் வந்தார். அணியின் சட்டையொன்றைப் பெட்டிமேல் விரித்து, இரண்டு வார்த்தை பேச விரும்புவதாகச் சொன்னார். ரதி அக்கா மகளைப் பக்கத்தில் கூப்பிட்டார். "பேசச் சொல்லு. ஏன் நிப்பாட்டினவை எண்டதையும் சேர்த்துப் பேசச் சொல்லு." மகள் மொழிபெயர்த்தாள். இது அதற்கான இடமில்லையே என்றார் அவர். "அப்ப சட்டைக்கும் இடமில்லை" என்றார் ரதி அக்கா. அந்த மனிதர் சட்டையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஜெரோம் எழுந்து வந்தான். இப்போது எலக்ட்ரீஷியன் வேலை, இரண்டு பெண் பிள்ளைகள். அன்று நடந்ததை முகாமையாளரைப் பார்த்தபடியே ஒன்றுவிடாமல் சொன்னான். "என் நினைவில் அந்த நாள் இல்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். ஆனால் என் பிள்ளைகள் பிறந்த நாட்கள் நினைவில் இருக்கின்றன" என்றான். பிறகு பெட்டியின் தலைமாட்டில் தோள் கொடுத்தான்.

இப்போது கழகம் ஞானம் அண்ணையின் பெயரில் ஆண்டுதோறும் ஒரு விருது தருவதாகச் சொல்கிறது. முதலில் அந்த வரலாற்றைத் திருத்துங்கள், பிறகு பேசலாம் என்று ரதி அக்கா சொல்லிவிட்டார். இதை எழுதும் இந்த நேரம்வரை திருத்தவில்லை. செத்தவரோடு சண்டை எதற்கு, சமாதானமாகப் போங்கோ என்று எங்கள் ஆட்களே எனக்குச் சொல்கிறார்கள். சண்டை செத்தவரோடு அல்ல. இருக்கிறவர்களோடு.

நான் இப்போது ஒரு ரக்பி கழகத்தில் வேலை செய்கிறேன். போன சனிக்கிழமை, தலையில் அடிபட்ட ஒருவனை இறக்க முடியுமா என்று பயிற்சியாளர் என்னைக் கேட்டார். முந்தியென்றால் மன்னிக்க வேண்டும் என்று தொடங்கி, காரணங்களை அடுக்கியிருப்பேன். நான் ஞானம் அண்ணையிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. "நோ" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.